பாலத்தைத் தாண்டினால் தூண்டில் மலிவா?

"ஜேபியில வாங்கினா பாதி வெலைண்ணே!"

சிங்கப்பூர் பிடோக் ஜெட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்று தம்பான் மீன் இழுத்துக்கொண்டிருந்த பையன் போன மாதம் இப்படிச் சொன்னான். ஜேபி என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு. கையில் புது ரீல் (லைனைச் சுற்றி இழுக்கும் கருவி), கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எவ்வளவு என்று கேட்டேன், ரிங்கிட்டில் சொன்னான். மனசுக்குள் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் இங்கே கடையில் கேட்கும் விலைக்கும் அதற்கும் பத்துப் பதினைந்து வெள்ளிதான் வித்தியாசம். பாதி எங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. மீன் மாட்டிக்கொண்டிருக்கிறவனிடம் கணக்குப் பேசக் கூடாது. தவிர, அதே வசனத்தை நானும் பல வருஷம் பலரிடம் சொல்லித் திரிந்தவன்தான்.

அப்புறம் ஒரு வருஷம், தூண்டில் சாமான் வாங்கிய ரசீது எதையும் தூக்கிப்போடாமல் காலி மைலோ டின் ஒன்றில் போட்டுவைத்தேன். பேருந்து, ரயில், கிராப் டாக்சி செலவையும் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டேன். வருஷக் கடைசியில் டின்னைக் கவிழ்த்துக் கூட்டிப் பார்த்ததில் வந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு தூண்டில் போடுகிறவர்களுக்கு இது உதவும். மற்றவர்களுக்கு, எல்லை தாண்டிப் போய் எதையாவது மலிவாக வாங்கும் பழக்கம் இருந்தால், கணக்கு ஏறக்குறைய இதேதான்.

முதலில் ரேட். நான் கடைசியாகப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 3.20 ரிங்கிட். இதை வைத்தே கீழே எல்லாக் கணக்கும். நீங்கள் போகும் நாளில் மாறியிருக்கும், ஆனால் பத்துக் காசு ஏறினாலும் இறங்கினாலும் நான் சொல்ல வருவது மாறாது.

ரீலை எடுத்துக்கொள்வோம், எல்லாரும் அதைப் பற்றித்தானே கேட்கிறார்கள். நடுத்தர ரகம், 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் 135 வெள்ளி, ஜிஎஸ்டி சேர்த்து. ஜேபி கடையில் அதே பெட்டி 390 ரிங்கிட், அதாவது 122 வெள்ளி. 13 வெள்ளி லாபம் என்று கிளம்பினால், எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து தெப்ராவ் ஷட்டில் ரயிலுக்குப் போகும்போது 5 வெள்ளி, வரும்போது 5 ரிங்கிட். ஜேபி சென்ட்ரலில் இறங்கி கடை வரைக்கும் கிராப் 15 ரிங்கிட், திரும்பி வர இன்னொரு 15. எல்லாம் கூட்டினால் 16 வெள்ளியைத் தொடுகிறது. 13 வெள்ளி மிச்சம் பிடிக்க 16 வெள்ளி செலவு, கூடவே ஒரு சனிக்கிழமை. இதில் மதியச் சாப்பாட்டைச் சேர்க்கவில்லை, சாப்பாடு எங்கே இருந்தாலும் சாப்பிடுவதுதான்.

இதோடு முடியவில்லை. 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு, வெளியே வாங்கிய புதுச் சாமானில் 100 வெள்ளி வரைக்கும்தான் ஜிஎஸ்டி விலக்கு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கினால் 500 வெள்ளி. முன்பு 150, 600 என்று இருந்ததை 2019 பிப்ரவரியில் குறைத்துவிட்டார்கள், இன்னமும் பழைய எண்ணையே நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரியும் 2023இல் 8, 2024இல் 9 சதவீதம் என்று ஏறிவிட்டது. 122 வெள்ளி ரீலுக்கு 100 போக மிச்சம் 22க்குத்தான் வரி, ஏறக்குறைய 2 வெள்ளி. இந்த 2 வெள்ளிக்குப் பயந்து ரீல் பெட்டியைக் கடை வாசலிலேயே கடாசிவிட்டு, ரீலை அழுக்குத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்த ஆளை எனக்குத் தெரியும் (நான்தான், வேறு யார்). பெட்டியோடு உத்தரவாத அட்டையும் குப்பைக்குப் போயிற்று. இப்போதெல்லாம் சுங்கத்துறையின் செயலியில் வரும் வழியிலேயே கட்டிவிட்டு நிம்மதியாக நடந்து வருகிறேன். கட்டாமல் மாட்டினால் வரும் தண்டத்தையும் தலைகுனிவையும் யோசித்தால் 2 வெள்ளி ஒன்றுமே இல்லை.

ஒரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 100 வெள்ளி விலக்கு எல்லாருக்கும் கிடையாது. ஒர்க் பெர்மிட், எம்பிளாய்மெண்ட் பாஸ், மாணவர் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கு விலக்கே இல்லை, முதல் வெள்ளியிலிருந்து 9 சதவீதம். ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற தம்பிகள் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் நிற்கிறார்கள், அவர்கள் என்னுடைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவுக்குள் போகுமுன் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டியிருக்கும், சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலை இல்லை.

"ஷிமானோவே ஜோகூர்ல தயாராகுது, அங்க மலிவா இல்லாம எப்படி?" என்று கேட்பார்கள். பொந்தியான் பக்கம் பெக்கான் நானாஸில், ரீல் செய்யும் ஷிமானோவுக்குத் தொழிற்சாலை இருப்பது நிஜம். பல ஷிமானோ ரீல்களில் கம்பில் மாட்டும் காலைத் திருப்பிப் பார்த்தால் மலேசியாவில் செய்தது என்று அச்சிட்டிருப்பதும் நிஜம். அதற்காகத் தொழிற்சாலைக் கதவைத் தட்டி அடக்க விலைக்கு வாங்க முடியுமா? கடைக்காரருக்கு விநியோகஸ்தர் போடும் விலைதான் விலை. அந்த ரீலுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய பிராண்டு ரீல் எதற்கும் பாதி விலை என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று: பழைய மாடலைத் தள்ளிவிடுகிறார்கள், இல்லையென்றால் போலி.

மாடல் என்றதும் இன்னொன்று. விலையை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 3000 என்று இரண்டு பெட்டியிலும் இருக்கும், ஒன்றில் முன்னால் சி என்ற எழுத்து இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஷிமானோவில் சி3000 என்றால் 2500 உடம்பில் 3000 ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை). டாய்வாவில் எல்டி என்று போட்டிருந்தால் பழைய டாய்வா அளவுகளைவிட உடம்பு சிறிசு, எல்டி 3000ஐக் கையில் வாங்கினால் பழைய 2500 மாதிரி இருக்கும். எச்ஜி, எக்ஸ்ஜி என்பது கியர் வேகம், எஸ் என்றால் ஆழமில்லாத ஸ்பூல். இந்த எழுத்துகள் மாறினால் விலையும் மாறும். ஜேபியில் மலிவு என்று நண்பர் ஒருவர் காட்டிய ரீல், உட்கார்ந்து பார்த்தபோது வேறு ரீல். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று படித்தவர்கள் நாம், பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படிக்க மாட்டோம்.

சரி, அப்போது ஜேபிக்கு எதற்குப் போவது?

சில்லறைக்கு. என் டின்னில் இருந்த ரசீதுகளிலேயே என்னை அசர வைத்தது 210 ரிங்கிட் ரசீது ஒன்று. அப்போலோ பத்துப் பாக்கெட் (ஒரே லைனில் வரிசையாகச் சின்ன முட்கள் கட்டியது, சபிக்கி என்று இணையத்தில் போட்டிருப்பார்கள், இங்கேயும் ஜோகூரிலும் அப்போலோ என்றால்தான் புரியும்), தலைக்கு 4 ரிங்கிட், ஆக 40. லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் லைன்) இரண்டு உருளை, 70. அஞ்சு மெட்டல் ஜிக் (உலோகச் செயற்கை இரை), 60. ஈயக்குண்டு கலந்து ஒரு பை, 22. லைனை இணைக்கும் ஸ்விவலும் ஸ்னாப்பும் 18. மொத்தம் 210 ரிங்கிட், 66 வெள்ளிக்குள். அதே சாமானை இங்கே நான் வழக்கமாக வாங்கும் கடை விலையில் போட்டுப் பார்த்தால் 117 வெள்ளி வந்தது. 51 வெள்ளி வித்தியாசம். பயணத்துக்கு 16 போனாலும் கையில் 35. நூறைத் தாண்டாததால் எனக்கு வரியும் இல்லை.

ஏன் ரீலில் இல்லாத வித்தியாசம் ஜிக்கில் இருக்கிறது என்று யோசித்தேன். பெரிய பிராண்டு சாமானுக்கு விலை கம்பெனி பக்கமே முடிவாகிவிடுகிறது. பெயர் தெரியாத ஈயக்குண்டுக்கும் ஸ்விவலுக்கும் யார் விலை வைப்பது? கடைக்காரர்தான். அவருடைய வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அந்தச் சின்னப் பாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூர் வாடகையும் ஜோகூர் வாடகையும் ஒன்றா? தவிர, சில்லறைதான் தீர்ந்துகொண்டே இருக்கும். ரீலை அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வாங்குவோம், அப்போலோவைப் பிடோக் ஜெட்டியின் அடியில் இருக்கும் தூணுக்கு வாரத்துக்கு இரண்டு காணிக்கை கொடுக்கிறோம்.

அங்கே கடையில் நிற்பதே ஒரு சுகம், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் போகிற கடையில் கவுண்டருக்குப் பின்னால் நம்ம பையன் ஒருவன் இருக்கிறான். "வாங்க பாஸ், சிங்கப்பூரா? இன்னிக்கு ஜாம் எப்டி?" என்றுதான் ஆரம்பிப்பான். லைன் வாங்கினால் ரீலைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மெஷினில் மாட்டி, ஈரத்துணியால் லைனை அழுத்திப் பிடித்தபடி இறுக்கமாகச் சுற்றிக் கொடுப்பான். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதற்கு மேல்தான் பிரெய்டு (இழைகளைப் பின்னிய லைன்), இல்லையென்றால் பிரெய்டு முழுசாக ஸ்பூலில் வழுக்கும். சுற்றி முடித்து ஸ்பூலின் உதட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு நிறுத்துவான், அதற்குக் காசு கேட்க மாட்டான். விலையில் "குராங் சிக்கிட் லா" (கொஞ்சம் குறையுங்களேன்) என்று நான் மலாயில் கேட்டால் தமிழில் பதில் வரும்: "பாஸ், ஒங்க காசு ஒன்னுக்கு மூனு, நீங்க கொறைக்கச் சொன்னா நாங்க எங்க போறது?" அதற்கு மேல் கேட்க நமக்கு வாய் வராது. இரண்டு ஸ்னாப் பாக்கெட்டைச் சும்மா போட்டு அனுப்புவான்.

அந்த 'ஒன்னுக்கு மூனு' சும்மா பேச்சு இல்லை, கவனிக்கணும். வேறு ஒரு கடையில் ரிங்கிட் குறைந்துபோய் வெள்ளியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒன்றுக்கு மூன்று என்ற ரேட்டில். 3.20 இருக்கும்போது 3 என்றால் நூறு வெள்ளிக்கு 20 ரிங்கிட் அங்கேயே போச்சு, அது அஞ்சு பாக்கெட் அப்போலோ. போகுமுன்பே மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பல நாணய அட்டை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதற்கு மலேசியாவில் வரி திரும்பக் கிடைக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அங்கே ஜிஎஸ்டி 2018லேயே போய்விட்டது, இப்போது இருக்கும் விற்பனை வரியில் கடையில் திருப்பிக் கேட்க ஒன்றும் இல்லை.

ரீல் சர்வீஸ் விஷயத்திலும் ஜேபி பக்கம்தான் என் ஓட்டு, ஆனால் ஒரு நிபந்தனை. எனக்கு 35 ரிங்கிட்டில் பிரித்து, கழுவி, கிரீஸ் போட்டு, லைன் ரோலரில் துருப்பிடித்த பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள் (பேரிங் காசு தனி). இங்கே அதே வேலைக்கு 30 வெள்ளி. ஆனால் அன்றே கிடைக்காது. கொடுக்க ஒரு பயணம், வாங்க ஒரு பயணம். ஒரு ரீலுக்காக இரண்டு முறை பாலம் தாண்டினால் நஷ்டம். மூன்று ரீலைச் சேர்த்துக் கொடுத்தால், அதுவும் அடுத்த முறை எப்படியும் போகப்போகிறோம் என்றால், லாபம்.

ராட், அதாவது தூண்டில் கம்பு, மட்டும் வேண்டாம். விலை அங்கே நிஜமாகவே குறைவு, முக்கியமாகப் பெரிய பிராண்டு இல்லாத ராடுகள். ஒரே துண்டாக இருந்த ஏழடி ராட் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, பேருந்தில் கொண்டு வந்தேன். பேருந்தில் பாலம் தாண்டியவர்களுக்குத் தெரியும், ஏறி உட்கார்ந்தால் வீடு வந்துவிடும் என்கிற பயணம் இல்லை அது. ஜேபியில் குடிநுழைவு முடித்து, படியிறங்கி, வரிசையில் நின்று ஏறி, பாலத்தைத் தாண்டியதும் உட்லண்ட்ஸில் மறுபடி மூட்டை முடிச்சோடு இறங்கி, நடந்து, கடப்பிதழைக் காட்டி, பையை ஸ்கேனரில் போட்டு, மறுபடி படியிறங்கி, மறுபடி வரிசை. சனிக்கிழமை சாயங்காலம். ஏழடிக் கம்பை வைத்துக்கொண்டு காவடி தூக்குகிறவன் மாதிரி எல்லாரிடமும் வழிவிடச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாவது முறை ஏறும்போது கதவு மூடியது. சத்தம்கூடப் பெரிசாகக் கேட்கவில்லை, முருங்கைக்காய் ஒடிந்த மாதிரி ஒரு 'டிக்'. நுனியிலிருந்து நாலு அங்குலம் போயிற்று. பக்கத்தில் நின்ற ஆன்ட்டி ஒடிந்த துண்டைக் குனிந்து எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஒடிந்த இடத்தில் வேறு நுனி வளையம் ஒட்டி இப்போதும் வைத்திருக்கிறேன், ஆனால் அது வேறு ராடாகிவிட்டது, விறைப்பாக, லேசான லூரை (செயற்கை இரை) வீசினால் உணர்வே தெரியாது. அங்கே ராட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று துண்டாகப் பிரிகிறதாக வாங்கி, வன்பொருள் கடையில் ஒரு பிவிசி குழாய் வெட்டி அதற்குள் போட்டு எடுத்து வாருங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்பீர்கள். விஇபி (வாகன நுழைவு அனுமதி), சாலைக் கட்டணம், டோல், போகும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்கிற சட்டம், இரண்டு மணி நேர நெரிசல், இவ்வளவையும் ஒரு ராடுக்காக ஏற்றுக்கொள்கிறவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இணையத்தைப் பற்றிக் கொஞ்சம். ஷாப்பியிலும் லஸாடாவிலும் 9.9, 11.11 தள்ளுபடி நாட்களில் வவுச்சர் எல்லாம் போட்டால் ஜேபி விலையையே அடிக்கிற விலை வருவதைப் பார்த்திருக்கிறேன், ரீலில்கூட. அந்த 135 வெள்ளி ரீலை நான் கடைசியில் வாங்கியது அப்படித்தான், 118க்கு, உள்ளூர் விநியோகஸ்தர் முத்திரையோடு, வீட்டு வாசலுக்கு. 2023 ஜனவரியிலிருந்து, 400 வெள்ளிக்கு உட்பட்ட சாமான் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் பெரிய தளங்கள் ஜிஎஸ்டியைச் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றன, ஆகவே வரியில்லாமல் வரும் என்ற பழைய நினைப்பு வேண்டாம். 400ஐத் தாண்டினால் உள்ளே வரும்போது வரி, அதுவும் சாமான் விலை, அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாவற்றின் மேலும்.

இணையத்தில் நான் சூடுபட்டது பிரெய்டில். பெரிய பிராண்டின் பெயர், எட்டு இழை, 300 மீட்டர், விலையைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் நாலைந்து தடவை வீசியதும் விரல் பச்சையாகிவிட்டது. சாயம் போவதைக்கூட மன்னிக்கலாம், நல்ல லைனிலும் கொஞ்சம் போகும். அன்று ஒரு முள்ளுவாளை மாட்டியது, பெரிசுகூட இல்லை, ஒரு இழுப்பு இழுத்தது, முடிச்சிலும் போகவில்லை, பல் பட்ட இடத்திலும் போகவில்லை, நட்டநடு லைனில் போயிற்று. வீட்டுக்கு வந்து பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பிஇ 1 என்ற லைன் எண்ணுக்குத் தடிமன் சுமார் 0.165 மில்லிமீட்டர், பத்துச் சுற்று ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இது இரண்டரையைத் தாண்டியது. அதாவது தடியாகவும் இருந்தது, பலமும் இல்லை. அதிலிருந்து பிரெய்டை மட்டும் கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஒன்றில் இங்கே கடையில், அல்லது ஜேபியில் அந்தப் பையனிடம், சுற்றிக் கொடுக்கவும் செய்வான்.

பெயர் போடாத, அல்லது தன் சொந்தப் பெயரிலேயே விற்கும் சீனச் சாமான் வேறு கதை. சுரினோயா, சீநைட் மாதிரி பெயர்கள். இவை போலி இல்லை, அவர்கள் பிராண்டு அவர்களுக்கு. லூருக்கு நான் தயங்காமல் வாங்குகிறேன். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான் அனுமதி, கடலில் போடுகிற மாதிரி இறாலோ புழுவோ போட முடியாது. செராங்கூனோ லோவர் சிலேத்தாரோ, பீக்காக் பாஸ், தோமான் மீன்களைத் தேடிப் போகிறவர் ஒரு நாளில் மூன்று லூரைச் செடியிலும் முள்ளிலும் விட்டுவிட்டு வருவார். 20 வெள்ளி ஜப்பான் லூரை அந்த இடத்தில் வீச எனக்குக் கை வராது, நாலு வெள்ளி லூரை வீசுவேன். வந்ததும் அதிலிருக்கும் தூண்டில் முள்ளையும் வளையத்தையும் மட்டும் நல்லதாக மாற்றிவிடுங்கள், தோமான் வாயில் அந்த முள் நிமிர்ந்துவிடும்.

மேல்தட்டு ரீல், அதாவது 400, 500 வெள்ளிக்கு மேல் போகிறவை, ஜப்பானிலிருந்து நேராக வரவழைப்பதுதான் மலிவு. சில வருஷமாக யென் இறங்கிக் கிடக்கிறது, ஏற்றுமதிக்கு அவர்களுடைய 10 சதவீத நுகர்வு வரியும் கிடையாது. நம்ம 9 சதவீதத்தைக் கட்டிய பிறகும் லாபம் நிற்கும். ஆனால் கையேடு ஜப்பானியத்தில், உத்தரவாதம் ஜப்பானில். ஏதாவது பழுதானால் இங்கே கடைக்காரர் "இது என்னிடம் வாங்கியதில்லையே" என்று சொல்வார், அவர் மேல் தப்பில்லை.

பழைய சாமான் விற்கும் கரோசல் தளம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சிங்கப்பூரில் தூண்டில் ஆசை பலருக்கு ஆறு மாதம்தான், அதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள், ஏழாவது மாதம் மனைவி பரணைக் காலி பண்ணச் சொல்லுவார். நமக்குக் கொண்டாட்டம். பாதி விலை என்று அந்தப் பையன் சொன்னானே, அது நிஜமாக இருக்கும் ஒரே இடம் இதுதான். எம்ஆர்டி கேட் பக்கத்தில் நின்று ரீலைக் கையில் வாங்கினால் முதலில் லைன் ரோலரை விரலால் சுழற்றுங்கள், உப்புக் கடித்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். காதோரம் வைத்து மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வழவழவென்றுதான் இருக்கும், மெதுவாகச் சுற்றும்போதுதான் உள்ளே மணல் அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு இருந்தால் கேட்கும். டிராக்கை (லைனை இழுத்துப் பிடிக்கும் பிரேக்) முழுசாக இறுக்கிவைத்தே விற்பவரிடம் எச்சரிக்கை, வருஷக்கணக்காக அப்படியே கிடந்திருந்தால் உள்ளே வாஷர் அப்பளம் மாதிரி அமுங்கியிருக்கும். சும்மா பொழுதுபோக்காக ஆரம்பிக்கிறவர்களுக்கு டெக்கத்லானின் கேப்பர்லேன் செட்டும் போதும், ஆறு மாதம் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கரோசலுக்கு வாங்க.

உள்ளூர்க் கடையை நான் இதுவரை திட்டியே பேசியிருக்கிறேன் என்று தோன்றும். இல்லை. நான் வழக்கமாகப் போகும் கடை அங்கிள் ஒரு தடவை என் ரீலைப் பார்த்துவிட்டு, நான் வாங்கப்போன லைன் அந்த ராடின் வளையத்துக்குத் தடி என்று சொல்லி, மலிவான வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். எந்த இடத்தில் எந்த வாரம் சோத்தோங் (கணவாய்) வருகிறது, எந்த எடையில் ஈயம் போட்டால் பிடோக் ஜெட்டி நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போகாது, இதெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பையனுக்குத் தெரியாது. உயிர்ப்புழு, இறால் எல்லாம் இங்கேதான் வாங்கியாக வேண்டும், சோதனைச்சாவடி வெயிலில் புழு இரண்டு மணி நேரம் தாங்காது. அதனால் ரீல், பிரெய்டு, இரை மூன்றும் பெரும்பாலும் இந்தப் பக்கமே. அங்கிளுக்கு ரீல் விற்றால்தான் கடை நடக்கும், புழு விற்று வாடகை கட்ட முடியாது.

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்தால், நாலு கிலோமீட்டரை அஞ்சு நிமிடத்தில் தாண்டிவிடலாம் என்கிறார்கள். நேரக் கணக்கு அப்போது மாறும். 13 வெள்ளி லாபம் அப்போதும் 13 வெள்ளிதான், பயணச் செலவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு மறுபடி கூட்டிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு நான் வருஷத்துக்கு மூன்று முறை போகிறேன், தூண்டிலுக்காக மட்டும் ஒருமுறையும் போவதில்லை. ஸ்கூடாயில் மச்சான் வீடு இருக்கிறது, ஏதாவது விசேஷம் வரும். அடுத்த சனிக்கிழமைக்கு மைலோ டின்னில் சீட்டு தயார்: அப்போலோ இருபது பாக்கெட், முப்பது பவுண்டு லீடர் ஒன்று, ஸ்னாப், சர்வீஸுக்குக் கொடுத்த மூன்று ரீல். சீட்டின் பின்பக்கம் வீட்டம்மா கையெழுத்தில் ஒரே ஒரு வரி, தையல்காரரிடம் ரவிக்கை நாலு. பயணச் செலவு 16 வெள்ளியை இந்தத் தடவை ரவிக்கைக் கணக்கில் எழுதிவிடுவதாக இருக்கிறேன்.